சின்னவளின் வாக்குமூலம், என் கையெழுத்தில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஏச வேண்டாம். போலீஸ் நிலையத்தில், ஒரு கால் ஆடுகிற மேசையில் உட்கார்ந்து, என் தங்கைக்காக நான் எழுதிக் கொடுத்த நாலு பக்க வாக்குமூலத்திலிருந்து வந்தது. அவளுக்கு வலது கையில் கட்டு. அதனால் அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

பகலில் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடத்தில் பிழை திருத்துகிறேன். மற்ற நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது; படித்தவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். அந்த நாலு பக்கத்தைப் போல நான் வேறெதையும் எழுதியதில்லை. அடித்தல் திருத்தல் கிடையாது. படித்துக்கொண்டே வந்த அதிகாரி மூன்றாவது பக்கத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமையில் குளிர்ந்தது. பக்கத்தில் தங்கை கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்குக் குளிர்கிறது. வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அந்தக் காகிதம்தான் இப்போது அவளைச் சிறைக்கு அனுப்பப் பார்க்கிறது. இன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை விசாரணை.

2

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். அடித்ததை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

[கத்தியைக் கையில் எடுத்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது.] பொய். போகவில்லை.

[பல் மருத்துவரின் மாடிப்படியில் காலை வெயில் சாய்வாக] வெயிலில் ஆரம்பிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. தவிர, அந்தப் படிக்கட்டில் ஜன்னலே கிடையாது.

[ஒரு பெண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பையில் என்னென்ன வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் சட்டம் சொல்லும் பதில்] இதைக் கட்டுரையாக எழுதினால் மரியாதையாக இருக்கும். ஆனால் கட்டுரை என்றால் என் பங்கை மறைத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஆகவே நேராகவே போகிறேன். என் தங்கையை வீட்டில் சின்னவள் என்போம். சோபா பழுது பார்ப்பது அவள் தொழில். வீடு வீடாகப் போய், கிழிந்த உறையை உரித்து, துருப்பிடித்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றி, புதுத் துணியை இழுத்துக் கட்டுவாள். இழுத்துப் பிடிக்கிற வேலை முழுக்க வலது கையின் முதல் இரண்டு விரல்களில் இருக்கிறது. பெட்டியில் இரண்டு கத்தி. நீளமானது பலகை பலகையாக ஸ்பாஞ்ச் அறுக்க. விரல் நீளத்தில் இன்னொன்று மூலை செதுக்க. அதன் மரப்பிடியில் துணி சுற்றியிருக்கும். காலையில் டீ கொதித்து வருவதற்குள் அந்தச் சின்னக் கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிடுவாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக, இப்படித்தான்.

3

மூன்றாம் மாடியில் ஒருவன் சோபாவுக்கு உறை மாற்றக் கூப்பிட்டான். அவனுக்குப் பெயர் உண்டு, வழக்குத் தாளில் முழுசாக இருக்கிறது. இங்கே மூன்றாம் மாடி என்றே வைத்துக்கொள்வோம்.

சோபாவின் ஒரு பக்கக் கையை முடித்து அடுத்ததற்கு அவள் நகரும்போது அவன் போய்க் கதவைச் சாத்தினான். கீழ்த் தாழ்ப்பாள், பிறகு மேல் தாழ்ப்பாள். திரும்பி வந்து, பாதி முடிந்த சோபாவிலேயே உட்கார்ந்தான்.

"உக்காரு. என்ன அவசரம்?"

"வேலை இருக்கு சார்."

"வேலை எங்க ஓடிடப் போகுது?"

நாற்பது நிமிடம். அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் துணுக்கை எடுக்கிறேன் என்று கை வைத்தவன், துணுக்கை எடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. விரல் கழுத்து வரை இறங்கியது. அந்த நேரத்தில் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மணி அடித்தார். அவன் தாழ்ப்பாளைத் திறந்ததும் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் மூன்று மாடியும் இறங்கி வந்துவிட்டாள்.

நானும் அவளும் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் புகார் சொன்னோம்.

"என்னம்மா பண்ணாரு?"

"மேல் தாழ்ப்பாளும் போட்டாருங்க."

"அவர் வீட்டுக் கதவு, அவர் தாழ்ப்பாள். அப்புறம்?"

"தலைல கை வச்சாரு."

"அடிச்சாரா?"

"இல்லைங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். எழுதுவதற்கு இதில் ஒன்றும் இல்லையாம்.

அதற்குப் பிறகு அவன் அவளுடைய பேருந்து நிறுத்தத்துக்கு வர ஆரம்பித்தான். "இன்னொரு கை பாக்கி இருக்கே, எப்ப வர்ற?" இவ்வளவுதான் கேட்பான். பக்கத்தில் நிற்பவர்கள் காதுக்கு இதில் என்ன தப்பு? சோபாவின் பாக்கி வேலையைக் கேட்கிறான். முதல் தடவை அவள் வண்டிகளுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடந்து ஓடினாள். இரண்டாம் தடவை, எங்கே போகிறது என்றே பார்க்காமல் வந்த பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி எனக்குப் போன் செய்தாள்.

4

சமையலறையில் உட்கார்ந்து, கையில் என்ன வைத்துக்கொள்ளலாம் என்று பேசினோம்.

"விசில்?" என்றேன்.

"ஊதினா எல்லாரும் திரும்பி என்னத்தான் பாப்பாங்க, அவன இல்ல."

"மிளகாய் ஸ்பிரே?"

அதையும் விசாரித்திருந்தாள். கடைக்காரர் அனுமதிச் சீட்டு கேட்டிருக்கிறார்.*

(* பக்கத்து வீட்டு அக்கா எங்கிருந்தோ ஒன்று வரவழைத்து, வேலை செய்கிறதா என்று மாடியில் நின்று அடித்துப் பார்த்தார். காற்று அவர் பக்கம் வீசியது. அரை நாள் அழுதார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். இந்தக் கதையில் சிரிக்க வேறு இடம் வராது, அதனால் இதை எடுக்க மனசில்லை.)

தற்காப்பு வகுப்புக்கு ஒரு நாள் போய் வந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தவர், "ஓடு. ஓட முடியலன்னா கத்து. கைல எதையும் எடுக்காத. எடுத்தா நின்னுடுவ" என்றாராம். சின்னவளுக்கு எரிச்சல். ஓடுவதற்கு வகுப்பு எதற்கு, அதைத்தான் ஏற்கெனவே செய்கிறாளே!

அப்போது நான் சொன்னேன்: "உன்கிட்டதான் கத்தி இருக்கே. பையில போட்டு வச்சுக்கோடி. தொழில் கத்தி, யார் கேக்கப் போறா?"

இந்த யோசனை என்னுடையது. வாக்குமூலத்தில் இதை மட்டும் நான் எழுதவில்லை. அங்கே இது தேவைப்படவில்லை என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

5

விடுமுறை நாள். அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. மருத்துவர் வேறொரு கட்டடத்தில், முதல் மாடியில் இருக்கிறார். ஊசி போட்டு, அடைத்து அனுப்பினார். வெளியே வரும்போது முகத்தில் பாதி மரத்துப்போயிருந்தது.

படிக்கட்டு திரும்பும் இடத்தில் மூன்றாம் மாடி நின்றுகொண்டிருந்தான், பின்னாலேயே வந்திருக்க வேண்டும்.

"இன்னொரு கை பாக்கி இருக்கே."

அவள் சுவரை ஒட்டி இறங்கப் பார்த்தாள். அவன் இடது மணிக்கட்டைப் பிடித்தான். கத்தினாள், உதடு மரத்துப்போனதால் பாதிச் சத்தம்தான் வந்தது. வலது கையைப் பைக்குள் விட்டாள். கத்தியைப் பார்த்ததும் அவன் பிடியை விடவில்லை, சிரித்தான்.

"குத்துவியா?"

குத்தினாள்.

இங்கே தொழில் சமாச்சாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூலை செதுக்கும் கத்தியில் பிடிக்கும் அலகுக்கும் நடுவே தடுப்பு எதுவும் கிடையாது. தேவைப்படாது. ஸ்பாஞ்ச் எதிர்க்காது, அழுத்தினால் வழி விட்டுவிடும். பதினோரு வருஷமாக அவள் கை கற்றது அந்த அழுத்தத்தைத்தான். அவன் முன்கையில் கத்தி எலும்பில் முட்டி நின்றது. அவள் கை நிற்கவில்லை. பிடியிலிருந்து வழுக்கி அலகின் மேலேயே இறங்கியது. அவனுக்கு நாலு தையல். அவளுக்கு வலது கையின் முதல் இரண்டு விரல்களை மடக்குகிற தசைநார்கள் அறுந்துவிட்டன.

பல் மருத்துவரின் வரவேற்பறைப் பெண் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். கையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்த ஆளையும், எதிரே கத்தியோடு நின்ற பெண்ணையும் பார்த்தார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னார்.

6

"அவங்க சொல்றத அப்படியே எழுதுங்க" என்றார் அதிகாரி.

அவள் சொன்னது இதுதான்: "கத்தி பையில இருந்துச்சு. எடுத்தேன்."

நான் பேனாவை நிறுத்தினேன். பல் அடைக்கப் போகிறவள் பையில் கத்தி ஏன் என்று படிக்கிறவர் கேட்க மாட்டாரா? அப்படி ஒரு ஓட்டையோடு பத்தியை விட்டுவிட்டு நகர என்னால் முடியாது. என் கை சும்மா இருக்காது. எழுதினேன்:

"மூன்றாம் மாடித் தாழ்ப்பாளின் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. அவன் மறுபடி வருவான் என்று எனக்குத் தெரியும். அந்த நாளுக்காக, ஒவ்வொரு காலையும் கத்தியைக் கல்லில் தீட்டி, வேலை இல்லாத நாளிலும் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்."

டீ கொதிப்பதற்குள் இழுக்கும் நாலு இழுப்பை நான் என்னவாக மாற்றிவிட்டேன் என்று பாருங்கள். எழுதும்போது எனக்கு அது தப்பாகவே படவில்லை. நல்ல விவரம் என்று பட்டது.

"படிச்சுக் காட்டவாடி?" என்றேன்.

"நீதானே எழுதின" என்று சொல்லி இடது கைப் பெருவிரலை வைத்தாள்.

7

வக்கீல் ஐம்பது வயதுப் பெண்மணி. பேச்சுக்கு நடுவே இன்ஹேலரை உறிஞ்சிக்கொண்டு பேசுவார். நாலு பக்கத்தையும் படித்துவிட்டுக் கேட்டார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்."

"நல்லா எழுதியிருக்கீங்க. எழுதாம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

பிறகு விளக்கினார். "தொழில் பண்றவங்க பையில தொழில் சாமான் கிடக்கும். லீவு நாள்ல எடுத்து வைக்க மறந்துட்டேன்னு சொன்னா யாரும் பெருசு பண்ண மாட்டாங்க. ஒருத்தன மனசுல வச்சுக்கிட்டு எடுத்துட்டுப் போனேன்னு சொன்ன நிமிஷமே அது ஆயுதம். குடையா இருந்தாலும் ஆயுதம், சாவிக்கொத்தா இருந்தாலும் ஆயுதம்."

"தற்காப்புக்குத்தானே மேடம்?"

"எதுக்குனாலும். அந்த நிமிஷம் கைல கிடைச்சத எடுத்து அடிச்சா அது தற்காப்பு. மாசக்கணக்கா சுமந்துட்டுப் போனா அது வேற. இதுல தீட்டி வச்சேன்னு வேற எழுதிட்டீங்க. அவன் தரப்பு இத திட்டம்னு சொல்லும். நான் அந்தப் பக்கம் இருந்தா நானும் சொல்லுவேன்."

"அவன் கையப் பிடிச்சது?"

"அது தனி வழக்கு. சாட்சி இல்லாத வழக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். கதையில் ஒரு பொருள் காரணம் இல்லாமல் கிடந்தால் குப்பை என்று தூக்கிப் போடுவோம். சட்டத்தில் காரணம் இல்லாமல் கிடக்கிற கத்திதான் வெறும் கத்தி. இது எனக்குத் தெரியாது. தெரியாமல், என் தொழில் பழக்கத்தை அவள் வழக்கில் கொண்டுபோய் வைத்தேன். அவளும் தன் தொழில் பழக்கத்தில்தான் விரலை இழந்தாள். ஆனால் அவள் அறுத்துக்கொண்டது தன் கையை.

குற்றம் உறுதியானால் இரண்டு வருஷம் வரை போகலாம். விரல் சரியாகி, தண்டனையும் முடிந்து அவள் வெளியே வந்தாலும், கத்தி வழக்கில் உள்ளே போனவளை எந்த வீட்டில் கருவிப் பெட்டியோடு உள்ளே விடுவார்கள்?

8

எழுதுகிறவள் எல்லாரிடமும் நியாயமாக இருக்க வேண்டும் என்று மூன்றாம் மாடிக்கும் ஒரு பத்தி கொடுத்துப் பார்த்தேன்.

[அவனுக்கு மனைவி இறந்து ஆறு வருஷம். அந்தச் சோபா அவள் வாங்கியது. சாயங்காலங்களில் அவன்]

சின்னவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அவனுக்குப் பொண்டாட்டி செத்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. சும்மா எழுதிப் பாத்தேன்."

"அவன் எதுக்கு அப்படிப் பண்ணான்னு எனக்குத் தெரிய வேணாம். உனக்கும் வேணாம்."

எடுத்துவிட்டேன். எல்லாருக்கும் காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கிற என் வியாதிக்கு மருந்தில்லை.

அவளைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதை அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"ரெண்டு தடவ ஓடினியே. அன்னைக்கு ஏன்டி ஓடல? அவன் பிடிக்கறதுக்கு முன்னாடி மேல ஏறி டாக்டர்கிட்ட போயிருக்கலாமே. ஆறு படிதானே?"

கையின் கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கத்தி இருக்குங்கற நினைப்புல நின்னுட்டேன் அக்கா."

கையில் ஒன்றும் இல்லாத நாட்களில் பிழைத்து வந்தவள், நான் வைத்துக்கொள்ளச் சொன்னது பையில் இருந்த நாளில் நின்றுவிட்டாள். இதற்காக அவளை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். வருஷம் முழுக்க ஓடிக்கொண்டே இரு என்று ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அன்று சமையலறையில் என் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

9

முடிவுகள். என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டும் பிடிக்கவில்லை.

முதலாவது வக்கீல் கொடுத்தது. "நீங்க கதை எழுதறவங்கதானே. கூண்டுல ஏறி, அந்தப் பத்தி முழுசும் என் கற்பனை, தங்கச்சி கத்திய எடுத்து வைக்க மறந்துட்டா, அவ்வளவுதான்னு சொல்லுங்க. உங்க ரெண்டு புத்தகத்தையும் நான் கோர்ட்ல காட்டறேன். வாக்குமூலத்துல கை வச்சதுக்கு உங்க மேல ஒரு வழக்கு வரலாம். தாங்குவீங்களா?"

தாங்குவேன். அது பிரச்சினை இல்லை. அவள் அந்தப் பத்தியைச் சொல்லவில்லை என்பது உண்மை. மறந்துவிட்டாள் என்பது பொய். கத்தியை அவள் அவனுக்காகத்தான் வைத்திருந்தாள். நான் சேர்த்ததில் அவனுக்காகத் தீட்டியது ஒன்றுதான் புளுகு. சொல்லாமல் விட்டது என் யோசனை. மற்றதெல்லாம் அவள் மனசில் இருந்தது, அவள் வாயில் வராமல் என் பேனாவில் வந்துவிட்டது.

[நீதிபதி தாளை மூடினார். சின்னவள் வெளியே வந்து] இந்த முடிவில் அவள் வீட்டுக்கு வருகிறாள். மூன்றாம் மாடியும் வருகிறான், மறதிக்காரப் பெண் ஒருத்தி காரணமில்லாமல் குத்திவிட்ட அப்பாவியாக. பேருந்து நிறுத்தம் அங்கேயேதான் இருக்கிறது.

இரண்டாவது முடிவில் நான் உள்ளது உள்ளபடி சொல்கிறேன். கத்தியை எடுத்துப் போகச் சொன்னது நான், அவள் பயத்தில் வைத்திருந்தாள், அவனுக்காகத் தீட்டியது மட்டும் என் சேர்க்கை. [நீதிபதி கண்ணாடியைக் கழற்றி] கழற்றட்டும். வக்கீல் சொல்கிறார், நேர்மைக்காகத் தண்டனையைக் கொஞ்சம் குறைப்பார்கள், விட மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டையும் சின்னவளிடம் சொன்னேன்.

"மறந்துட்டேன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நான் எதையும் மறக்கல" என்றாள். கொஞ்சம் கழித்து, "உள்ள போறத நினைச்சா பயமா இருக்கு அக்கா" என்றாள்.

இந்த இரண்டையும் அவள்தான் சொன்னாள். நான் எதையும் சேர்க்கவில்லை.

10

இன்று புதன்கிழமை. இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். இடது கையால் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் படித்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா அழுத இடத்தில்கூட அவள் சிரிக்கவில்லை.

முடித்ததும் தாள்களைத் தட்டி அடுக்கி வைத்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"நீ என்ன சொல்லச் சொல்றியோ அதச் சொல்றேன்டி."

"அன்னைக்கு ஸ்டேஷன்ல நான் சொன்னது உனக்குப் பத்தல. இப்ப மட்டும் கேக்கறியா?"

தாள்களை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்குக் கோபம் இல்ல. ஆனா ஒண்ணு. இனிமே எனக்காக நீ எழுதாத. நல்லதா எழுதினாலும் வேணாம். நான் வெளிய வந்தேன்னும் எழுதாத, உள்ள போனேன்னும் எழுதாத."

எழுந்து போய்விட்டாள். உள்ளே அவள் இடது கையால் பாத்திரத்தைத் திறக்க முயலும் சத்தம் கேட்கிறது. உதவிக்குப் போனால் திட்டுவாள்.

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. அழகுக்காக விடவில்லை, அவள் சொல்லிவிட்டாள். இரண்டு பதிலையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். இரண்டுமே எனக்கு நன்றாக வருகிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

நீதிபதிக்கு நான் எழுதிய நாலு பக்கம் மட்டும்தான் தெரியும். உங்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் என் இடத்தில் நீங்கள் கூண்டில் ஏறுங்கள். மூன்று படி, பலகை கொஞ்சம் ஆடும். வலது பக்கம் மூன்றாம் மாடி முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பான், அவனைப் பார்க்க வேண்டாம். எதிரே அவள் நிற்பாள், கட்டுப் போட்ட கையை இன்னொரு கையில் தாங்கிக்கொண்டு, உங்களையே பார்த்துக்கொண்டு. அந்தக் கத்தி அவள் பையில் ஏன் இருந்தது என்று கேட்டுவிட்டார்கள்.

சொல்லுங்கள்.